பாரூக் நானாவும் சேற்றில் இறங்கிய ஜீப்பும்

பாரூக் நானா போய்விட்டார். இன்று காலை, பெல்மதுளை வீட்டில். மாரடைப்பு என்று மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள்...

அழுதுகொண்டேதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் அவரை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. என்ன செய்ய?

கொழும்பில் ஒரு சட்ட நிறுவனத்தில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். எனக்கு அண்ணன் மாதிரி, அதனால்தான் நானா. கோர்ட்டுக்கே போகாத பிரிவு. பாராளுமன்றத்துக்கு வரும் சட்டமூலங்களைப் படிப்பது, மாற்ற வேண்டியதை எழுதுவது, எம்.பி.மார் காது கொடுக்கும்வரை பின்னால் அலைவது... லொபியிங்.

புளத்கொகுபிட்டிய பக்கம் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்கு அவர் முதல்முறை வந்தபோது அம்மா கேட்டார், "தம்பி, நீங்க கோர்ட்ல பேசுற வக்கீலுங்களா?"

"இல்லம்மா. சட்டம் பொறக்க முந்தியே அதோட சண்டை புடிக்கிற ஆக்கள் நாங்க."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ரொட்டிக்குக் கட்டசம்பல் கூடுதலாக வந்தது.

அப்போது ஒரு தோட்டப் பெண்கள் சங்கத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தோம். தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டி வாழும் லயன் வீடுகளுக்குத் தனித்தனி முகவரி வேண்டும். எல்லோருடைய கடிதமும் தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். கைக்குக் கிடைக்கும்போது இன்டர்வியூவே முடிந்திருக்கும். எனக்கே அப்படி ஒரு வேலை போனது.

பாராளுமன்றக் குழுவில் இருந்த ஒரு சட்டமூலத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அந்தக் குழுவில் ஒரு எம்.பி. அசையவே இல்லை. "லயனுக்கு எதுக்கு அட்ரஸ்? அங்க எல்லாரையும் எல்லாருக்கும் தெரியுமே!"

நானா கோபப்படவில்லை. "சேர், ஒருக்கா வந்து பாருங்களேன்" என்று கூட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

அன்று பார்த்து அடைமழை. தோட்ட ரோட்டில் ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் வந்து தள்ளினார்கள். வெள்ளைச் சட்டையோடு நானாவும் தள்ளினார். ஜீப் ஏறியது... நானா விழுந்தார்.

எம்.பி. நெகிழ்ந்துபோய், தள்ளியவர்களில் ஒருவரான சங்கத்துச் செல்வி அக்காவிடம் சொன்னார், "உங்க அட்ரஸைச் சொல்லுங்க. நன்றி சொல்லி ஒரு கடிதம் போடுறேன்."

அக்கா சுத்தமான சிங்களத்தில் திருப்பிக் கேட்டார், "அது இருந்தா உங்களை ஏன் சேர் இந்த மழையில வரச் சொல்றோம்?"

எம்.பி.தான் முதலில் சிரித்தார். நானா சேற்றில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த எம்.பி.யே குழுவில் எங்களுக்காகப் பேசினார்.

திருத்தம் நிறைவேறிய அன்று பாராளுமன்றப் பார்வையாளர் கலரியில் இருந்தோம். அங்கே கை தட்டக் கூடாது. நானா இரண்டு கையையும் தொடைக்குக் கீழே அமுக்கி வைத்துக்கொண்டார். வெளியே பஸ் ஹோல்ட்டுக்கு வந்து தட்டினார் பாருங்கள்... பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் என்ன விசயம் என்றே தெரியாமல் சேர்ந்து தட்டினார்!

செல்வி அக்காவுக்கு அந்த நன்றிக் கடிதம் பிறகு வந்தது. அவர் வீட்டு வாசலுக்கே.

இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். நான் வேனில் இருக்கிறேன். இப்போதுதான் செல்வி அக்கா கோல் எடுத்தார். "வேலைக்குப் போகல தங்கச்சி. எல்லாரும் லொறியில ஏறிட்டோம். நம்ம ஆளு இல்லீங்களா..."

சந்தோசமாப் போயிட்டு வாங்க நானா.