முதல் டிஸ்க் என்று மாற்றியவன்

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கம்ப்யூட்டர்களை நானும் என் தோஸ்தும் பார்த்துக்கொண்டோம். திருவொற்றியூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

போன வருஷம் எல்லா மெஷின்களுக்கும் புது சிஸ்டம் போடச் சொன்னார்கள். ஒரு மெஷினைத் தயார் செய்து, அதன் நகலை மற்றவற்றில் இறக்குவது என்று முடிவானது. லாரி எடைமேடையிலிருந்த மூன்று மெஷின்களில் மட்டும் இரண்டிரண்டு டிஸ்க்: ஒன்றில் சிஸ்டம், மற்றதில் கேமரா பதிவுகள். ஸ்விட்சைப் போட்டதும் எது முந்துகிறதோ அதுதான் 'முதல் டிஸ்க்'. இன்று ஒன்று, நாளை இன்னொன்று. அதனால் மெஷின் எழும்போது படிக்கிற ஃபைலில், சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கின் அடையாள எண்ணையே எழுதிவைத்தேன்; நகல் இறக்கினால் அந்த எண்ணும் கூடவே போய்விடும். அவனிடமும் விளக்கினேன். தலையாட்டினான். சனிக்கிழமை நான் லீவு. நகல் இறக்கும் வேலையை அவன் முடித்தான்.

திங்கள் காலை எடைமேடையில் மூன்றுமே கறுப்புத் திரையோடு நின்றன. லாரிகள் கேட்டைத் தாண்டி ரோட்டில் வரிசை கட்டின. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, யார் செய்த வேலை என்று கேட்டார்.

"ரெடி பண்ணது இவன்தான் சார். நான் காப்பி மட்டும்தான் போட்டேன்" என்றான்.

நான்தான் எங்கோ தவறிவிட்டேன் என்று நம்பி மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஃபைலைத் திறந்தேன். என் எண் இல்லை. அந்த இடத்தில் 'முதல் டிஸ்க்' என்றிருந்தது. மாற்றியது சனிக்கிழமை மதியம், அவன் லாகினில்.

எடைமேடைக்குப் பின்னால் வைத்துக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை. ஒரு மெஷினில் டிஸ்க் பழுதாகி வேறு போட்டு, அதில் மட்டும் ஃபைல்களைத் தனியாக காப்பி செய்தானாம். எண் ஒத்துப்போகாததால் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்றிவிட்டானாம். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் எழுந்ததாம். மேனேஜரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா என்னிய தூக்கிடுவாங்க மாமு. உனுக்கு ஒண்ணும் ஆவாது. நீ சமாளிச்சிக்குவ."

மேனேஜர் அறைக்குள் போவதற்கு முன்பே அவன் இதை யோசித்து வைத்திருக்கிறான். மதியத்துக்குள் மூன்றையும் சரிசெய்தேன்.

மறுநாள் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவனை வேலையைவிட்டுத் தூக்கவில்லை, மணலி குடோனுக்கு மாற்றினார்கள். தெருவில் அவன் சொன்னது, நான் போட்டுக்கொடுத்தேன் என்று. அவன் அம்மா இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நின்று விளக்கலாம் என்று ஒருமுறை போனேன். டிஸ்க், எண் என்று எதைச் சொல்லி அவருக்குப் புரியவைப்பது? வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.