றெக்சனின் குதிக்கால்

கரையில் நின்று பேதுரு கூப்பிட்டால் கடலுக்குப் போன படகும் திரும்பிப் பார்க்கும் என்று குருநகரில் சொல்வார்கள். கலியாணமாகி ஆறு வருடம் கழித்து, ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு மகன் றெக்சன் பிறந்தபோது, அந்தச் செய்தியை எவரும் எவருக்கும் சொல்லவேண்டி வரவில்லை. பேதுருவே ஊருக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டான்.

பிள்ளைக்கு எட்டு மாதமானதும் புதுப் பழக்கம் ஒன்று தொடங்கியது. ஒரு கையால் பிள்ளையின் மார்பைத் தாங்கி, மறு உள்ளங்கையில் அவனை நிறுத்தி, இறங்குதுறையில் காட்டிக்கொண்டு திரிந்தான். றெக்சன் நுனிக்காலில் விறைப்பாக, ஆடாமல் நிற்பான். "கடலிலை நிக்கிற கால்" என்று எல்லோரும் மெச்சினார்கள். ஆடுகிற படகில் நின்று பிழைக்கிறவர்கள் வேறு எதைப் பார்த்து மெச்சுவார்கள்? அந்த நாட்களில் பேதுருவுக்குத் தலைகால் தெரியவில்லை.

அவன் மனைவி டிலக்ஷிக்குத்தான் சந்தேகம் வந்தது. கழுவித் துடைக்கையில் பிள்ளையின் தொடைகளைப் பிரிக்க முடியவில்லை. கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. தலையணை முட்டுக் கொடுத்தாலும் பிள்ளை இருக்கமாட்டான், பின்னால் விறைத்துச் சரிவான். ஆசுப்பத்திரியில் காட்டுவோம் என்று மூன்று தரம் கேட்டுப் பார்த்தாள். பலமான பிள்ளைக்கு என்ன ஆசுப்பத்திரி என்று பேதுரு அடித்துப் பேசினான். நாலாம் தரம் அவள் கேட்கவில்லை. "இஞ்சாருங்கோ, இருக்க ஏலாத பிள்ளை எப்பிடி நிக்கும்?" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த கிழமை இருவரும் பிள்ளையோடு ஆசுப்பத்திரிக்குப் போனார்கள்.

டொக்டர் பார்த்து முடித்த பிறகு, உடற்பயிற்சி சிகிச்சை செய்யும் தக்சாயினி பிள்ளையின் கால்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பூசிமெழுகாமல் சொன்னாள். இது பலமில்லை. மூளையில் பட்ட பாதிப்பால் தசைகள் ஓயாமல் இறுகுகின்றன. பெருமூளை வாதம் என்பார்கள். முழுதாக மாறாது. ஆனால் தசை இப்போது இளசு, நாளும் மெல்ல மெல்ல நீட்டினால் பெருமளவு காப்பாற்றலாம். விட்டுவிட்டால், எலும்பு வளர வளரத் தசை கட்டையாகி, குதிக்கால் ஒருநாளும் நிலத்தில் படாது. பிறகு, "இனி உப்பிடி நிறுத்திக் காட்டாதேங்கோ அண்ணை. இறுக்கம் கூடும்" என்றாள்.

மற்றதெல்லாவற்றையும் தாங்கிய பேதுருவை அந்தக் கடைசிச் சொல் சுட்டுவிட்டது. இவ்வளவு நாளும் ஊரைக் கூட்டிக் காட்டியது பிள்ளையின் வருத்தத்தை, நோயை.

வீட்டில் பயிற்சி செய்ய முன்வந்தவனும் அவன்தான். முதல் கிழமை அது பெரும் கூத்து. வலை இழுத்த கை காலையும் இழுத்தது. பிள்ளை வீரிட்டான், கால் இன்னும் இறுகியது. டிலக்ஷி அழுதாள். பேதுரு இரண்டு நாள் யோசித்தான். கடலடிக் கல்லில் வலை பிடித்தால் எந்த மடையனும் வெட்டி இழுக்கமாட்டான்; சற்றே விட்டுக்கொடுத்து, நிதானமாக, வருகிற அளவுக்குத்தான் எடுப்பான். மூன்றாம் நாள் பாதத்தை அப்படிப் பிடித்துக் காத்திருந்தான். கணுக்கால் தானாக இளகியது. அதன்பின் தக்சாயினி மற்றத் தகப்பன்மாரிடம் அவன் கையைப் பார்க்கச் சொல்லுவாள்.

அதைவிடக் கடினமான வேலை இறங்குதுறையில் இருந்தது. "எங்கை, பெடியனை ஒருக்கா நிறுத்திக் காட்டு" என்று கேட்டார்கள். பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். பேதுரு எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான்: "அது பலமில்லை, வருத்தம். நான்தான் பிழையா விளங்கினனான். உங்கடை வீட்டிலையும் பிள்ளை உப்பிடி விறைச்சு நிண்டால், மெச்சாமல் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

எனக்குத் தெரிய, அந்தக் கரையில் அதைவிடத் துணிச்சலான பேச்சை எவரும் பேசவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் பொறுமைதான். கிழிந்த வலை பொத்தும்போது மகனைத் தொடையில் குதிரை ஏற்றியதுபோல் இருத்திக்கொண்டான். கால்கள் அகன்றபடி இருக்கட்டும் என்று. காலுக்கு அச்செடுத்துக் கவசம் செய்தார்கள். மூன்றாம் வயதில் இறுக்கம் தளர்த்தும் ஊசி போட்டார்கள். பயிற்சி ஒருநாளும் நிற்கவில்லை, பெருநாளன்றுகூட.

றெக்சனுக்கு இப்போது நாலரை வயது. போன சனிக்கிழமை குளித்துவிட்டு, கவசமில்லாமல், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு சீமெந்து விறாந்தையில் நாலு அடி வைத்தான். பின்னால் வந்த பேதுரு நிலத்தில் பதிந்த ஈர அடிகளைப் பார்த்தான். மூன்று அடிகளில் விரல்களும் முன்பாதமும் மட்டும். நாலாவதில் ஐந்து விரல், பாதம், பின்னால் வட்டமாக ஒரு குதிக்கால்.

டிலக்ஷி ஈரம் துடைக்கத் துணியோடு வந்தாள். பேதுரு அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அந்த அடி காயுமட்டும் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.