துவைகல்லோரத்துத் துன்னூத்துப் பச்சை

திருநீற்றுப் பச்சிலை என்று எழுதினால் அது வேறு யாருடைய செடியோ என்று தோன்றுகிறது. எங்கள் பக்கம் துன்னூத்துப் பச்சை. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கொல்லையில், துவைகல்லை ஒட்டித் தானாக முளைத்து நின்றது. தினமும் அதை உரசிக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போவேன். நின்று பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம். வயிற்றில் முதல் பிள்ளை. சோறு கொதிக்கும் வாசம், தாளிப்பு, சூளைப் புகை, கட்டிய கணவரின் சட்டை, எல்லாமே குடலைப் புரட்டின. தட்டைப் பார்த்தாலே பயம்.

பொம்மைகளுக்குக் கண் எழுதும் அடுத்த வீட்டு அக்கா, ஒரு மத்தியானம் நான் வேலியோரம் ஓங்கரிப்பதைக் கண்டு வந்தாள். அந்தச் செடியில் ஒரு கொத்தைக் கிள்ளி என் மூக்கருகே கசக்கினாள்.

“மோந்து பாருடி. இதுக்கும் வாந்தி வந்தா நீ மனுசியே இல்ல.”

அதன் வாசம் துளசியாகத் தொடங்கி, கிராம்புக்குப் போய், எலுமிச்சைத் தோலில் திரும்பி, பெயரில்லாத ஒரு குளிர்ச்சியில் போய் நின்றது. வாசம் நடக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இடக்கையில் இலையை மூடிக்கொண்டு வலக்கையால் ரசஞ்சோறு உண்டேன். உள்ளே தங்கியது. பின்னால் எத்தனையோ ஊர் மாறி, ரோஜா வளர்த்தவர்களின் பெருமையெல்லாம் கேட்டிருக்கிறேன். இது பூவைக் காட்டி அழைக்காது. தொட்டால்தான் பேசும்.

சித்திரையில் கிணறு வற்றியது. செடி போனால் எனக்குச் சோறில்லை. அதனால் அவருடைய வேலைச் சட்டைகளை ஊறவைத்த தண்ணீரை வீணாக்காமல் அதற்கே ஊற்றினோம். களிமண் கூழை அச்சில் ஊற்றி ஜாடி வார்ப்பவர் அவர். சட்டை பிழிந்த தண்ணீர் பால் போல இருக்கும். ஊற்ற ஊற்றச் செடி தொங்கியது. தொங்கத் தொங்க இன்னும் ஊற்றினோம். இலை சுருண்டது, வாசம் போனது. நான் மறுபடியும் தட்டைத் தள்ளினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செடியடியில் குந்தி விரலால் தட்டிப் பார்த்தார். டொக் என்றது. சிரித்துவிட்டார்.

“அடக் கடவுளே! செடியச் சுத்தி ஜாடி வார்த்து வச்சிருக்கோம்!”

“சிரிக்கிறீங்களா? எனக்கு அழுவ வருதுங்க.”

“அழுவு, அழுவு. அந்தத் தண்ணியாவது சுத்தமா இருக்கும்.”

வேலிக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல்: “பட்டறையில வார்க்கிறது பத்தலியாடி உன் வூட்டுக்காரருக்கு?”

சட்டைக் களிமண் மண்ணின் மேல் ஓடாக இறுகிவிட்டது. ஒரு சொட்டும் வேருக்குப் போகவில்லை. ஜாடியின் விளிம்பு சீவும் மெல்லிய கத்தியைக் கொண்டுவந்து, வேர் அறாமல் அந்த ஓட்டைச் சில்லு சில்லாகப் பெயர்த்தார். குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு சொம்பு ஊற்றினார். மண் ஒரே மூச்சில் குடித்தது.

கீழிலைகள் உதிர்ந்தன. தண்டு மட்டும் நின்றது. தினமும் போய்ப் பார்த்தேன். பிறகு ஒரு காலை, கணுவில் அரிசி அளவு பச்சை. கிள்ள மனம் வரவில்லை. குனிந்து கட்டைவிரலால் தடவினேன். மெல்ல, கிராம்பு வந்தது.

“ஏங்க, சோத்த இங்கயே எடுத்தாங்க!”

மோர் ஊற்றிய பழைய சோற்றோடு ஓடிவந்தார். துவைகல்லில் உட்கார்ந்து, முகத்தைச் செடிப் பக்கம் சாய்த்துக்கொண்டு உண்டேன்.

“நீ உண்ணுறியா, செடிக்கு ஊட்டுறியாடி?” என்றாள் அக்கா.

வாய் நிறையச் சோறு. மறுசோற்றுக்குக் காலித் தட்டை அவரிடம் நீட்டினேன்.