சிவப்பு வட்டத்துக்கான மூச்சு

பாடகி தமயந்தி அவர்கள் காலமான செய்தியை அவருடைய அண்ணன் சம்பத் அவர்கள் கொள்ளேகாலிலிருந்து தொலைபேசியில் சொன்னார். நான் அப்போது ஒரு பழைய ஒலிபெருக்கியின் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி போயிருச்சுங்க சார். இதயந்தான்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். சங்கடமான எதையும் சொல்வதற்கு முன்னும் பின்னும் செருமுவது அவர் வழக்கம். "ஞாயித்துக்கெழமை மைசூர்ல அது பாடுற ஹால்லயே ஒரு கூட்டம் வெக்கறோமுங்க. அந்த ஸ்பீக்கர் பாட்டை நீங்கதான் வெக்கோணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எதை வைப்பது என்ற குழப்பம் வந்தது. அந்தப் பாட்டில் பாதி கணினியில் இருந்தது. மறுபாதி அவர் தொண்டையில் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தமயந்தி அவர்கள் மேடையில் தனியாக நின்று பாடுவார். பக்கவாத்தியம் கிடையாது. ராகம், தாளம் என்று நமக்குப் பழகிய ஏற்பாடுகளும் கிடையாது. முணுமுணுப்பு, நாக்குச் சொடுக்கு, மூச்சிரைப்பு, சட்டென்று எழும் முழுக் குரல், இவற்றைக்கொண்டே பாடலைக் கட்டுவார். சில பாடல்கள் வெறும் குரலுக்கானவை. வேறு சிலவற்றில், அவர் முன்பே பதிந்து கணினியில் நீட்டியும் அடுக்கியும் வைத்த சொந்தக் குரலே ஒலிபெருக்கிகளிலிருந்து வந்து, மேடையில் நிற்பவருக்குப் பதில் சொல்லும்.

நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மைசூர் சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டருகே உள்ள சிறிய அரங்கில் ஒலியமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் அங்கே முதல்முறை பாடியபோது மைக்கே வேண்டாம் என்றுவிட்டார். வேலையில்லாமல் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். இது இசைதானா என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை. அடுத்து என்ன சத்தம் வரும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முடிந்ததும் தயங்கித் தயங்கி அருகில் போனேன். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. பாட்டு முடிஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அது எனக்கே ஸ்வல்ப கஷ்டந்தான் சார்," என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். "எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிக்கப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேள்வி கேக்கறீங்க. என்கூட வேலை செய்றீங்களா?"

வேலை இதுதான். அவர் எழுதிய தாளில் நீளக் கோடுகள் ஏறியும் இறங்கியும் ஓடும். ஆங்காங்கே ஒரு நீல வட்டம். வட்டம் என்றால் அவர் மூச்சு இழுக்கும் இடம். இழுத்ததும் நான் கணினியில் விசையை அழுத்த வேண்டும். பதிந்த குரலின் அடுத்த பகுதி எழும். முதல் ஒத்திகைக்கு ஸ்டாப்வாட்ச் கொண்டுபோயிருந்தேன்.

"ரெண்டு வட்டத்துக்கு நடுவுல எத்தனை செகண்டும்மா?"

"அன்னிக்கு எனக்கு எவ்வளவு மூச்சு இருக்கோ அவ்வளவு. வாட்சை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க."

"காலால மிதிக்கிற பெடல் இருக்கே. நீங்களே..."

"மிதிச்சா மூச்சு மாறிடுது சார்."

"அப்ப மூச்சுச் சத்தத்தைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கற மாதிரி செஞ்சு தரேன். தப்பே வராது."

"அதனாலதான் வேணாம். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. நீங்க பண்ணுவீங்க. ஹௌதா இல்லையா?"

பண்ணினேன். ஒரு நிகழ்ச்சிக்குச் சம்பத் அவர்கள் பட்டுநூல் கடையைப் பூட்டிவிட்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தங்கை பாடி அவர் கேட்பது அதுவே முதல்முறை. கடைசிப் பகுதிக்கு முன் நீண்ட மௌனம் ஒன்று உண்டு. தங்கை வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்பதைக் கண்டு அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை போலும். மூச்சை இழுத்துச் செருமினார். மூச்சும் செருமலும் இசையாக இருக்கும் பாட்டில் எது யாருடையது என்று பிரிக்க நான் இன்னும் பழகியிருக்கவில்லை. அழுத்திவிட்டேன்.

ஒலிபெருக்கிகளில் குரல்கள் எழுந்தன. தமயந்தி அவர்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. அண்ணனைப் பார்த்தார். அவரைப் போலவே செருமினார். மறுபடியும் செருமி, அதை மெல்ல நீட்டி, ஒரு ஸ்வரமாக்கி, எழுந்துகொண்டிருந்த குரல்களோடு சேர்த்துவிட்டார்.

வெளியே வந்ததும் சம்பத் அவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சார், அது பாடுச்சா, என்னை நக்கல் பண்ணுச்சா?"

"ரெண்டுந்தான் அண்ணா," என்றார் பின்னால் வந்த தமயந்தி. "அடுத்த தடவையும் முன்னாடியே வந்து உக்காரு."

"உக்காந்து செருமோணுமாக்கும்?"

"தோணினா செருமு. சார் பாத்துப்பார்."

அடுத்த ஒத்திகையில் தாளில் அந்த மௌனத்தின் மேல் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. இது யாருடைய மூச்சு என்று கேட்டேன். "ஹால்ல அன்னிக்கு யார் இருக்காங்களோ அவங்களோடது," என்றார்.

இரங்கல் கூட்டத்துக்கு முன்பு, அவரை அறிந்த சிலர் ஒரு நிகழ்ச்சியின் முழு ஒலிப்பதிவையே போட்டுவிடுங்கள் என்றார்கள். அதில் தவறு நேராது. என் சுபாவத்துக்கு ஏற்ற யோசனை. ஆனால் தமயந்தி அவர்கள் தம் நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்கவே மாட்டார். "அது அன்னிக்கு ஆன கச்சேரி சார். இன்னிக்கு இருக்கறவங்க அதுல இல்லையே," என்பார். கணினியில் உள்ள பாதியை மட்டும் வைத்தாலோ, அவர் பாடும் இடமெல்லாம் வெறுமையாக இருக்கும். யார் மூச்சுக்கு நான் அழுத்துவது?

ஞாயிறன்று இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேடையில் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு அவர் நிற்கும் இடத்தில் மைக் மட்டும் நின்றது. அதை எடுக்க மனம் வரவில்லை. கணினிப் பகுதியின் தொடக்கத்தை அழுத்தினேன். அதற்கு யார் மூச்சும் தேவையில்லை. அவர் குரல் முணுமுணுத்து, பல குரல்களாகப் பிரிந்து, அடங்கியது. பிறகு அவர் பாட வேண்டிய இடம். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். என் விரல் முழு ஒலிப்பதிவின் பக்கம் நகர்ந்தது.

முன்வரிசையில் சம்பத் அவர்கள் மூச்சை இழுத்துச் செருமினார்.

அழுத்தினேன். தங்கையின் குரல்கள் நான்கு மூலைகளிலிருந்தும் எழுந்தன. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்து, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த மௌனத்தில் பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அதற்கும் அழுத்தினேன். அதன் பிறகு யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிக் குரலும் அடங்கியது. ஒருவரும் எழவில்லை, யாரோ மூச்சு விடுவது கேட்டது. தமயந்தி அம்மா, பாட்டு எங்கே முடிந்தது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கிகளை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். போய் வாருங்கள்.