படி இல்லாத மாடி

நான் முதன்முதலாக வரைந்த மாடிக் கடைக்கு மாடிப்படியே கிடையாது. பம்பாயில் ஐந்து வருடம் கட்டடக்கலை படித்து, பட்டயத்தைத் தகரப் பெட்டியில் பூட்டிக்கொண்டு மலாயாவின் ஜொகூரில் வந்திறங்கிய மேதையாகிய நான் படியை மறந்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த கட்டட ஆபீசின் வெள்ளைக்காரத் துரை வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து, “இது இவன் வரைந்தது!” என்று எல்லாரிடமும் காட்டிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

படி வைத்து மறுபடி வரைந்தேன். அழகாகவே அமைந்தது. உடனே துரை மூலையில் தன் பெயரை எழுதிக்கொண்டார். வரைவது நாங்கள், பெயர் அவருடையது. அந்த ஆபீசில் அதுதான் வழக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பெயருக்கு மேலேயே என் பெயரை, வாங்கிய பட்டயத்தின் பெயரையும் சேர்த்து, மசியால் எழுதினேன்.

“பிளேடால் சுரண்டி எடு. இல்லையென்றால் நாளை முதல் வராதே” என்றார் துரை.

“மாட்டேன். படி இல்லாதபோது என் கட்டடம், படி வந்ததும் உங்கள் கட்டடமா?” என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

பக்கத்து ஊரான ஸ்கூடாயில் அந்தக் கடையைக் கட்டப்போகிற தமிழ் ஜவுளி வியாபாரி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் திரும்பினேன்.

“மொதலாளி, கட்டடம் ஒங்களுது. யாரு பேரு இருக்கணும், நீங்களே சொல்லுங்க.”

“ஒங்க பேரே இருக்கட்டும் தம்பி, இனிமே படிய மறக்க மாட்டீங்க.”