மைக் ஓட்டையில் சொருகிய விமானம்

என் வீட்டுக்காரர் கட்டிய முதல் விமானம் பதினோரு நொடி பறந்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன், அதனால் தெரியும். அவர் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் வாத்தியார். மூன்று மாதம் பால்சா என்கிற லேசான மரத்தைச் சீவி, ஒட்டி, மேலே மெல்லிய தாள் போர்த்தி, மூக்கில் ஒரு குட்டி இன்ஜின் வைத்துக் கட்டியிருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் முசரவாக்கத்தில் அறுப்பு முடிந்த ஒரு வயலில் கையால் தூக்கி விட்டு ரிமோட்டால் ஓட்டினார். ஏறியது, சாய்ந்தது, மூக்கு குத்தி விழுந்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் வீட்டில் பேச்சே இல்லை. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பார். அந்த "ஒண்ணுமில்ல"தான் எனக்கு ஆகவே ஆகாது.

ஐந்தாம் நாள் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவராகவே பேசினார்.

"எது தப்புன்னு தெரிஞ்சாகூடப் பரவால்லம்மா. நான் கட்டினது கோணலா, ஓட்டினது கோணலா, ஒண்ணும் புரியல. ஓட்டத் தெரியலன்னா கத்துக்கலாம். கட்டினது கோணல்னா என்கிட்ட கை இல்லன்னு அர்த்தம். அதோட வுட்டுடுவேன்."

வருஷத்துக்கு அறுபது பிள்ளைகளுக்கு ராவவும் அறுக்கவும் சொல்லித் தருகிற மனிதர் தனக்குக் கை இல்லை என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. "ஒரு தடவை வுழுந்ததுக்கே கை இல்லாம போயிடுமா? இன்னா பேச்சுங்க இது?" என்று கத்திவிட்டேன். அவர் மனதில் அது ஏறவில்லை. ஆனால் மறுவாரமே இரண்டாவது விமானத்துக்கு மரம் வாங்கி வந்தார்.

அதை இன்னும் நிதானமாக, நான்கு மாதம் எடுத்துக் கட்டினார். இறக்கையின் ஓரத்தில் மேலும் கீழும் அசைகிற சின்னப் பலகைகள் இரண்டு உண்டு. விமானம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்யும். கையிலிருக்கும் ரிமோட்டில் குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது பலகை மேலே எழ வேண்டும். பத்துத் தடவை தள்ளிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு விமானத்தைச் சுவரில் மாட்டினார். (ரிமோட் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, டிரான்ஸ்மிட்டர் என்று சொல்ல வேண்டும். நான் வேண்டுமென்றே ரிமோட் என்பேன்.) கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகாமல் அதைச் சுவரிலிருந்து இறக்குவதில்லை என்று முடிவும் செய்துவிட்டார். "ஓட்டறதுல தப்பில்லன்னு ஆயிடுச்சுன்னு வெச்சிக்கோ. அப்புறமும் வுழுந்தா கட்டினதுதான் தப்பு. நேரா தெரிஞ்சிடும்" என்றார்.

கம்ப்யூட்டர் என்னுடையது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. பட்டுப்புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பது என் தொழில். நான் போடும் கட்டங்களைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டை தறியின் தலையில் ஏறி, எந்த இழை எப்போது எழ வேண்டும் என்று சொல்லும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எனக்கு வேலை கொடுத்த தறிகளில் புடவையை முகம் கீழே இருக்கும்படி நெய்வார்கள். நெய்கிறவர் கண்ணில் படுவது பின்பக்கம்தான். அதனால் வலது பார்க்கிற அன்னம் வேண்டுமென்றால் நான் இடது பார்க்கிற அன்னமாகப் போட வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை மறந்துவிட்டேன். ஒரு முகூர்த்தப் புடவையின் கரையில் அன்னங்களெல்லாம் முந்தானையைப் பார்த்து நடப்பதற்குப் பதில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தன. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "தறியில கை வெக்காத, தாளைத் திருப்பு" என்பது எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. பக்கம் மாறி வந்தால் தறியைத் தொடக் கூடாது, டிசைனைத்தான் திருப்ப வேண்டும். தறியில் போய்க் கை வைத்தால் அடுத்த புடவையும் கெடும்.

விமானம் ஓட்டுகிற சாஃப்ட்வேரை அவருடைய சிங்கப்பூர் நண்பர் சிடியில் கொடுத்திருந்தார். ரிமோட்டை அதோடு இணைப்பது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டில் கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ரிமோட்டின் முதுகில் ஒரு வட்ட சாக்கெட் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, பாட்டு கேட்கிற ஹெட்போன் பின் மாதிரி ஒரு பின்னை மறுமுனையில் வைத்து, கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் சொருக வேண்டும். டிவி ரிப்பேர் கடையில் ஒயரைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "மைக்ல சொருகினா பாட்டுதாம்மா வரும், பிளேன் எப்படி வரும்?" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே பற்றவைத்துக் கொடுத்தார்.

சொருகியதும் திரையில் இருந்த விமானம் சாமி வந்ததுபோல ஆடியது. குச்சியைத் தொடவே இல்லை, தன்பாட்டுக்கு உதறுகிறது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் மைக்கின் சத்தம் ரொம்பக் கூட இருப்பதைக் கண்டுபிடித்தேன். குறைத்ததும் அடங்கி நின்றது. ஆனால் குச்சியை வலது பக்கம் தள்ளினால் விமானம் இடது பக்கம் சாய்ந்தது.

சாஃப்ட்வேரிலேயே பக்கத்தை மாற்றுவதற்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதைப் பார்த்தேன். மவுஸைக்கூட அதன் மேல் கொண்டுபோனேன். கை பின்வாங்கிவிட்டது. என் கணக்கில் சாஃப்ட்வேர்தான் தறி, அதைத் தொடக் கூடாது. தாள் எது? ரிமோட். அதன் அடியில் ஒரு குட்டி மூடி, உள்ளே வரிசையாக, குச்சியின் பக்கத்தை மாற்றிப் போடுகிற நான்கு பொடி சுவிட்சுகள். தோளிலிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றி முதல் சுவிட்சைத் தள்ளினேன். திரையில் விமானம் சரியாக வலது பக்கம் சாய்ந்தது. மூடியைப் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"கில்லாடிம்மா நீ!" என்றார். எப்படிச் சரி செய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான்கு மாதம் தினமும் சாயங்காலம் பழகினார். என் வேலை கெட்டது, அதற்காகச் சண்டையும் போட்டோம். கம்ப்யூட்டர் விமானம் எத்தனை தடவை விழுந்தாலும் ஒரு பட்டனைத் தட்டினால் முழுசாக எழுந்து நிற்கும். முதலில் நூறு தடவை விழுந்தது, பிறகு பத்து, பிறகு விழவே இல்லை. எதிர்க்காற்றிலும் பூப்போல இறக்கினார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, பாதிப் பெருமை எனக்கே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதே வயலுக்குப் போனோம். வயல்காரர் வரப்பில் வந்து நின்றார். "இன்னா சார், மறுபடியும் ஏர்போர்ட்டா?" என்று கிண்டல் செய்தார். இவர் ரிமோட்டைப் போட்டுக் குச்சியை அசைத்தார், பலகைகள் அசைந்தன. எந்தப் பக்கம் அசைகின்றன என்று பார்க்கவில்லை. அதைத்தான் வீட்டிலேயே பத்துத் தடவை பார்த்துவிட்டாரே. இன்ஜின் சீறியது, எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. தூக்கி விட்டார்.

நேராக ஏறியது. பனைமர உயரத்தில் லேசாக இடது பக்கம் சாய்ந்தது. அவர் வலது கொடுத்தார். இன்னும் சாய்ந்தது. இன்னும் கொடுத்தார். மல்லாக்கப் புரண்டு வயலில் குத்தியது.

"அய்யய்யோ, போச்சே சார்" என்றார் வயல்காரர்.

என் வீட்டுக்காரர் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். விமானத்தின் உடம்பு இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒயர் அறுபடாத வலது இறக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு குந்தினார். இறக்கை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்கதான் முறுக்கிக்கிச்சு போல. நான் ஒட்டின எடம்தான்" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஓட்டினதுல தப்பில்லம்மா. நீயே பார்த்த இல்ல? கட்டினதுதான். தெரிஞ்சிபோச்சு, வுடு. எல்லாத்தையும் யார்கிட்டயாவது குடுத்துடலாம்."

ரிமோட்டை அணைக்கப் போனேன். கட்டைவிரல் குச்சியில் பட்டு அது வலது பக்கம் நகர்ந்தது. அவர் கையிலிருந்த இறக்கையில் பலகை அசைந்தது. மேலே எழவில்லை, கீழே இறங்கியது.

அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டருக்காக நான் ரிமோட்டில் திருப்பியது, ரிமோட்டோடு சேர்ந்து வயலுக்கும் வந்திருக்கிறது. அவர் வலது வலது என்று தள்ளத் தள்ள, விமானத்துக்கு இடது இடது என்று போயிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் ஒரு கெட்ட நினைப்பும் வந்தது. அவர் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து சுவிட்சைப் பழையபடி தள்ளிவிட்டால் இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரியாது. நான் கில்லாடியாகவே இருந்திருக்கலாம். மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். குந்தியிருந்த அவர் முதுகைப் பார்த்தேன். கை ஓடவில்லை.

"ஏங்க, நான்தாங்க" என்றேன். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. "கம்ப்யூட்டர்ல பக்கம் மாறி வந்துச்சு. நான் அங்க மாத்தாம இதுல மாத்திட்டேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல. எல்லாம் தலைகீழா போயிருக்குதுங்க. பாருங்க."

திறந்த மூடியைக் காட்டினேன். குச்சியை வலது தள்ளினேன், பலகை இறங்கியது. இடது தள்ளினேன், எழுந்தது. அவர் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கித் தானும் தள்ளிப் பார்த்தார். மறுபடியும் தள்ளினார். எட்டு மாத உழைப்பு மண்ணில் கிடக்கிறது, இப்போது வெடிக்கப் போகிறார் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

"அப்ப நான் கட்டினது சரியாத்தான் இருந்துச்சா?" என்றார்.

"நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சுங்க."

அவர் நம்பாதவர்போல என் முகத்தையே பார்த்தார். அதையே இன்னொரு தடவை கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.