பெரிய வெள்ளியின் புளிப்பு

பெரிய வெள்ளியன்று எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு வாய் வினேகர் குடிப்போம். சிலுவையில் தொங்கியவருக்குக் கடற்பஞ்சில் புளித்த ரசத்தைத் தோய்த்துக் கொடுத்தார்களே, அந்த நினைவுக்கு. கோயிலிலிருந்து வந்ததும், கஞ்சிக்கு முன்னால். முகம் கோணும். துப்பக் கூடாது.

அந்த வருஷம் பாட்டில் காலி. மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மதில்மேல் பக்கத்து வீட்டு நட்சத்திரப் பழ மரம் சாய்ந்து கிடக்கிறது. அண்ணி அதில் காய்களைப் பறித்துப் பிழிந்தார். அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். தக்காளி கூடாது, கீரை கூடாது, இளநீர் கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். இந்தப் பழத்தைப் பற்றி நாங்கள் கேட்கவுமில்லை. மரத்துக் காய்தானே, வினேகரைவிடக் குளிர்ச்சி என்றார் அண்ணி.

அண்ணன் ஒரு வாயோடு நிறுத்தவில்லை. "ஆண்டவருக்கே தாகம் எடுத்துச்சி, எனக்கு எடுக்கக் கூடாதா?" என்று டம்ளரை நீட்டினார். மாதக்கணக்கில் ருசி மறந்த நாக்கு. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பொழுது சாயும்போது விக்கல் வந்தது.

"பாரீஸ்ல ஒங்க பொண்ணு நெனைக்கிறா போல," என்றார் அண்ணி.

"நெனைக்கிறவ ஒரு போன் போடலாம் இல்ல?"

சிரித்தோம். சர்க்கரை கொடுத்தோம், மூச்சை அடக்கச் சொன்னோம். நிற்கவில்லை. புளிப்பு பட்டால் நிற்குமென்று மிச்சச் சாற்றையும் அண்ணியே புகட்டினார்.

அப்புறம் அண்ணன் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க யாரு?" என்றார்.

ஆட்டோவில் கோரிமேடு வரை, ஒவ்வொரு விக்கலும் அவரை உள்ளிருந்து பிடித்து உலுக்கியது. என்ன சாப்பிட்டார் என்று கேட்ட டாக்டர், பதிலைக் கேட்டு ஒரு கணம் கண்ணை மூடினார். அதில் ஆக்சாலிக் அமிலம் நிறைய. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், இவருக்குத் தள்ள வழியில்லை. கூடவே மூளையைக் கலக்கும் இன்னொரு விஷமும் உண்டு என்றார். பிழைப்பாரா என்றேன். முதலில் ரத்தத்தைச் சுத்தம் செய்வோம் என்று உள்ளே போய்விட்டார்.

வெளியே பெஞ்சில் அந்த அமிலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். கீரையில் அது, பீட்ரூட்டில் அது, தொண்டையை அரிக்கும் சேனையில் அது. பள்ளிக்கூட வேலியோரம் அண்ணனும் நானும் பிடுங்கித் தின்ற புளியாரையில், அந்தச் சின்ன இதய இலைகளில், அதுவே. இத்தனை பச்சைக்குள் இத்தனை நாள் பதுங்கியிருந்து, தாகம் என்று கேட்டவன் வாய்க்கா வர வேண்டும்?

"நாந்தான தம்பி ஊத்திக் குடுத்தேன்?" என்றார் அண்ணி.

கதவைத் தாண்டி விக்கல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆண்டவரே, நிற்கட்டும் என்று வேண்டினேன். சட்டென்று நின்றது. ஐயோ, வரட்டும், ஒன்றாவது வரட்டும் என்று வேண்டினேன். செவிலியர் வந்து, தூங்குகிறார் என்று சொல்லும்வரை நான் மூச்சு விட்டேனா தெரியாது.

ஈஸ்டர் காலையில்தான் எங்களை அவருக்கு அடையாளம் தெரிந்தது. நாக்கைத் துழாவிக்கொண்டே அண்ணியைப் பார்த்தார்.

"இன்னும் புளிக்குது."

அதுவரை அழாத அண்ணி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடைந்தார்.

இப்போதும் அண்ணனுக்கு எப்போதாவது ஒரு விக்கல் வரும். யார் நினைக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. அடுத்தது வருகிறதா என்று மூன்று பேரும் அசையாமல் காத்திருக்கிறோம்.